பிஸ்கட் டப்பாவில் பூனை இல்லை

அத்தியாயம் 7

"எங்கண்ணன் பூனையத் திருடிட்டானாம்" என்றாள் காவலாளியின் தங்கை. "பூனைய மட்டும் இல்ல. பூனை இருந்த படத்தையே திருடிட்டு, பூனை இல்லாத படத்த மாட்டி வச்சிட்டானாம். விசாரணைன்னு ஸ்டேஷன்லயே வச்சிருந்துட்டு, இன்னைக்குச் சாயங்காலம்தான் கேஸ் போட்டு மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தப் போறாங்க."

ஓவியக் கூடத்தில், கயிற்றுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றிருந்தோம். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு பஸ்ஸிலேயே வந்திருந்தாள்.

"நிறுத்தினா?" என்று என் அண்ணி கேட்டார்.

"நாளைக்குப் பேப்பர்ல அவன் மூஞ்சி வரும். எங்கம்மா கண்ணு முழிச்சதும் தேடறது பேப்பரத்தான். இத்தன நாளா, அண்ணன் டிரெயினிங் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன்."

"வாட்ச்மேனுக்கு என்ன டிரெயினிங்?" என்றேன் நான்.

"அம்மாவும் அதத்தான் கேட்டாங்க. அசையாம நிக்கறதுக்குன்னு சொன்னேன். உடனே நம்பிட்டாங்க. அதுதான் தாங்க முடியல."

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அண்ணிக்குத் துப்பறியும் தொழில். அண்ணனுக்கு அண்ணியைக் கண்டு பயப்படும் தொழில். எனக்கு அண்ணியின் பையைத் தூக்கிக்கொண்டு போய், தேவையில்லாத இடத்தில் பேசும் தொழில். சம்பளம் மூன்று பேருக்கும் ஒழுங்காக வருவதில்லை.

அண்ணியின் முதலீடு அவருடைய முகம். நாம் செய்த ஏதோ ஒன்று ஏற்கெனவே தெரிந்துவிட்ட கணக்கு டீச்சரின் முகம் அது. பார்த்த மாத்திரத்தில் ஜனங்களுக்கு எதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்போல் ஆகிவிடும். நமக்கு வேண்டியதை ஒப்புக்கொண்டால் தேவலை. அதைத் தவிர மற்றதையெல்லாம் ஒப்புக்கொள்வார்கள். அன்று காலை நுழைவுச்சீட்டு கொடுக்கும் பெண், "எங்க சித்திய டிக்கெட் இல்லாம உள்ள விட்டேன் மேடம்" என்று கண் கலங்கினாள். அண்ணி அவளிடம் கேட்டது, மாடிப்படி எந்தப் பக்கம் என்று.

சுவரில் தொங்கிய படத்தின் பெயர் 'இன்னும் வரவில்லை.' ஒரு தலையணை அளவுதான் இருக்கும். ஜன்னலோரம் மேஜை. மேஜை முன்னால் ஒரு பெண். அவளுக்கு எதிரே காலித் தட்டு. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று படித்தவர்கள் நூறு வருஷமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். வலது கீழ் மூலையில், தரையில், ஒரு சின்னச் சாம்பல் பூனை உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். இப்போது அந்த இடத்தில் பழுப்புத் தரை மட்டும் இருந்தது.

"போலி. சுத்தமான போலி" என்றார் கூடத்தின் நிர்வாகி. அவர் கட்டியிருந்த டையைப் பார்த்தால், அது அவரைக் கட்டியிருந்த மாதிரிதான் இருந்தது. "திரைச்சீலையில மடிப்பெல்லாம் அச்சு அசல். தட்டு விளிம்புல இருக்கற விரிசலக்கூட விடல. பூனைய மறந்துட்டான் முட்டாப் பய. லீவு நாள்ல சாவி வச்சிருந்தது வாட்ச்மேன் ஒருத்தர்தான்."

அண்ணி கயிற்றின் மேல் குனிந்து பார்த்தார். "அந்தத் தட்டு எப்பவுமே காலியாத்தான் இருக்குமா?"

"அசல்ல காலிதான்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு, அண்ணி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

"அந்த பிஸ்கட் கம்பெனி கொடுத்த பேனா செட்ட நான் வாங்கியிருக்கக் கூடாது" என்றார் நிர்வாகி.

"எந்த பிஸ்கட் கம்பெனி?"

கூடத்தோடு ஒட்டிய நினைவுப்பொருள் கடைக்கு எங்களை அவரே அழைத்துப்போனார். ஜன்னலோரப் பெண் அங்கே எல்லாவற்றிலும் காத்திருந்தாள். குடையில் காத்திருந்தாள். காலுறையில் ஜோடியாகக் காத்திருந்தாள். வாசல் மிதியடியில் அவள் காத்திருந்த இடத்துக்கு மேல் 'காலைத் துடைத்துவிட்டு வரவும்' என்று எழுதியிருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவே கோபுரமாக அடுக்கிய பிஸ்கட் டப்பாக்கள்.

அண்ணி ஒரு டப்பாவை எடுத்தார். மூடியில் அதே ஜன்னல், அதே மேஜை, அதே பெண். தட்டில் மட்டும் க்ரீம் பிஸ்கட் குவிந்திருந்தது. அவள் இப்போது ஜன்னலைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தாள். மேலே கொட்டை எழுத்தில், 'காத்திருந்தது போதும்!' நூறு வருஷச் சண்டையைக் கம்பெனி ஒரே வரியில் தீர்த்துவிட்டது. அவள் காத்திருந்தது க்ரீம் பிஸ்கட்டுக்காக.

வலது கீழ் மூலையில் பூனை இல்லை. அந்த இடத்தில் வெள்ளைக் கட்டமும், அதற்குள் கறுப்புக் கோடுகளும் இருந்தன. பார்கோடு.

"அண்ணி!" எனக்கு மூளை பளிச்சென்று எரிந்தது. இது அபூர்வம் என்பதால் சத்தமாகவே சொன்னேன். "போலி வரைஞ்சவன் அசலப் பாத்து வரையல. டப்பாவப் பாத்து வரைஞ்சிருக்கான். டப்பால பூனை இல்ல. அதனால அவன் படத்துலயும் இல்ல!"

நிர்வாகி என்னை முதல் முறையாக மனிதனாக மதித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார் அண்ணி. "ஆனா டப்பாவப் பாத்து வரைஞ்சிருந்தா, சுவத்துல இருக்கற தட்டுல பிஸ்கட் எங்க?"

என் மூளை அணைந்தது.

"யோசி" என்றார் அண்ணி. காவல் நிலையம் போகும்வரை யோசித்தேன். ஒன்றும் வரவில்லை, பசி வந்தது.

காவலாளி கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். உட்கார பெஞ்ச் இருந்தும் நின்றுகொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் மேடம்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியோடு சேர்ந்து திரும்பினார். பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்.

"லீவு நாளன்னைக்கு டப்பாவுக்குப் படம் போட்ட ஆர்ட்டிஸ்ட் வந்தாரு" என்றார் காவலாளி. "அசல் படத்துக்குப் பக்கத்துல டப்பாவ வச்சு போட்டோ எடுக்கணும், உள்ள விடுன்னு நிர்வாகி சாரே போன்ல சொன்னாரு. விட்டேன். ஆர்ட்டிஸ்ட் எனக்கு ஒரு டப்பா கொடுத்தாரு. பின்பக்கப் படியில உக்காந்து... முழுசையும் தின்னுட்டேன் மேடம். பாதிய அம்மாவுக்கு எடுத்து வைக்கணும்னு நெனச்சேன். வைக்கல."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"இதச் சொல்றதுக்கு என்னடா?" என்று தங்கை கம்பியைப் பிடித்தாள். "டியூட்டி நேரத்துல வேற ஆளு உள்ள இருந்தான்னு சொல்லியிருந்தா உன்ன விட்டிருப்பாங்கல்ல?"

"அப்ப நீ எங்க இருந்தேன்னு கேப்பாங்களே."

"திருடன்னு பேரு வாங்கறதுக்கு ரெடி. தின்னவன்னு பேரு வாங்கறதுக்கு வெக்கமா?"

"அம்மா காதுக்குப் போயிரும் பாப்பா."

அண்ணி குறுக்கிட்டார். "ஆர்ட்டிஸ்ட் எவ்வளவு நேரம் தனியா இருந்தாரு?"

காவலாளி நேர்மையாக யோசித்தார். "ஒரு டப்பா நேரம்."

"போகும்போது கையில என்ன இருந்துச்சு?"

"தோள்பை. ஒரு சின்ன கலர் பெட்டி, டப்பாவுல எங்கயாவது சாயம் போயிருந்தா தொட்டு வைக்கறதுக்காம். படம் அந்தப் பைக்குள்ள போகாது மேடம், ஃபிரேம் பெரிசு. சட்டையெல்லாம் வேர்த்திருந்துச்சு. ஆனா சிரிச்சாரு. 'ஒண்ணும் ஆகல, எல்லாம் சரியாயிடுச்சு'ன்னாரு. நான் எதுவுமே கேக்கல."

அண்ணி எழுந்துவிட்டார்.

அந்த ஆர்ட்டிஸ்டின் அலுவலகம் ஓர் அச்சகத்துக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேலே மேஜை, நாற்காலி, ஆர்ட்டிஸ்ட் எல்லாம் சேர்ந்து நடுங்கின. இயந்திரம் நின்ற பிறகும் ஆர்ட்டிஸ்ட் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தார். தொழிலில் அவரை எல்லோரும் லேபிள் என்றுதான் கூப்பிடுவார்களாம். நடுத்தர வயது, மெலிந்த விரல்கள், தூங்காத கண்கள்.

சுவர் முழுக்க அவர் கைவண்ணம். உலகத்தில் புகழ் பெற்ற படம் ஒன்றையும் அவர் சும்மா விட்டிருக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு லேசாகப் புன்னகைக்கும் அந்தச் சீமாட்டி, பற்பசை அட்டையில் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். பாலத்தின் மேல் கன்னத்தில் கை வைத்து அலறும் ஆள், தலைவலித் தைலம் விற்றான். சுருள் சுருளான நட்சத்திர வானம் சலவைத் தூளாகச் சுழன்றது. மேகத்தில் இரண்டு விரல்கள் தொடப்போகும் அந்தக் கூரை ஓவியத்தில், இரண்டு விரலுக்கும் நடுவே ஓர் அழைப்புமணிப் பொத்தான். உருகி வழியும் கடிகாரங்கள் வெண்ணெய்க்கு விளம்பரம் செய்தன. பார்த்தால் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு, யாரோ நல்லவரின் வீட்டில் திருடித் தின்ற மாதிரி இருந்தது.

ஒவ்வொரு படத்தின் வலது கீழ் மூலையிலும் ஒரு வெற்று வெள்ளை ஸ்டிக்கர்.

"இது என்ன?" என்றார் அண்ணி.

"பார்கோடு வர்ற இடம் மேடம்." தொழிலைப் பற்றிப் பேசியதும் லேபிளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "படம் எதுவா இருந்தாலும் அந்த மூலை நம்மளுது இல்ல. வேலைய ஆரம்பிக்கறப்பவே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிப் பாத்துடுவேன். அது மறைச்சும் படம் நின்னா, படம் பாஸ்."

அண்ணி நகர்ந்து, மேஜை மேலிருந்த சட்டமிட்ட போட்டோவை எடுத்தார். மணமக்கள், சுற்றி உறவினர்கள். வலது கீழ் மூலையில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர்.

"இதுல மறைஞ்சிருக்கறது யாரு?"

"என் மச்சினன்."

"படம் நின்னுச்சா?" என்றேன்.

"முன்னைவிட நல்லா இருந்துச்சு சார்" என்றவர், உடனே குற்ற உணர்ச்சியோடு ஸ்டிக்கரின் மேல் விரலை வைத்துத் தடவிக் கொடுத்தார்.

"ஸ்டிக்கரு எப்பவும் உங்க கையில இருக்குமா?" என்றார் அண்ணி.

"சட்டைப் பையில. பழக்கம் மேடம்."

"எது மேல ஒட்டுவீங்க?"

"எதிர்ல எந்தப் படம் இருந்தாலும்..."

லேபிள் நிறுத்தினார். கீழே இயந்திரமும் நின்றுபோனது. அண்ணி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என் தொழிலை மறந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

லேபிள் எழுந்தார். அலமாரியின் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தார். மூடியைத் திறந்தார்.

உள்ளே பஞ்சு விரித்திருந்தது. பஞ்சின் மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், பசையுள்ள பக்கம் மேலாக. பசையில் ஒட்டிக்கொண்டு, ஒரு சாம்பல் பூனை.

நூறு வருஷமாக ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த பூனை, இப்போது என்னைப் பார்த்தது. தப்பு ஒன்றும் செய்யாத நானே ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"பூனை கிடைச்சிருச்சு அண்ணி" என்றேன். "இனி திருட்டுப் போன படம் எங்கன்னு கேளுங்க."

"திருட்டே போகல தம்பி. சுவத்துல தொங்குதே, அதுதான் அசல்."

"அசல்னா பூனை..."

"இங்க இருக்கு. தட்டு காலியா இருந்துச்சு, திரைச்சீலை சரியா இருந்துச்சு, விரிசல்கூட சரியா இருந்துச்சு. படம் முழுக்க அசல் மாதிரி இருந்தா, அது ஏன் அசலா இருக்கக் கூடாது? மாறியிருந்தது ஒரே ஒரு மூலை. அது இவரோட மூலை."

லேபிள் நாற்காலியில் உட்காரவில்லை, விழுந்தார்.

"டப்பாவுல பூனைய எடுத்ததே எனக்கு உறுத்திக்கிட்டிருந்துச்சு மேடம். காலேஜ்ல படிக்கறப்போ அந்தப் படத்துக்கு முன்னாடி வாரம் தவறாம உக்காந்து வரைஞ்சிருக்கேன். அந்தப் பொண்ணு யாரையோ பாக்கறா. அவளப் பாக்கறதுக்கு அந்தப் பூனைய விட்டா ஆளே இல்ல. அத எடுத்துட்டு நான் கோடு போட்டேன். அன்னைக்கு அசல் முன்னாடி தனியா நின்னப்போ, பூனைய மறைச்சாலும் இந்தப் படம் நிக்கும்னு தெரிஞ்சுட்டா மனசு ஆறிடும்னு தோணுச்சு. ஒட்டினேன்."

"நின்னுச்சா?" என்றார் அண்ணி.

"இல்ல மேடம். விழுந்துடுச்சு. அவ அநாதையா ஆயிட்டா. பதறிப்போய் ஸ்டிக்கர உரிச்சேன். பழைய சாயம்... பூனையும் கூடவே வந்துடுச்சு."

கீழே இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. டப்பாவில் பூனை லேசாக நடுங்கியது.

"கலர் பெட்டி இருந்துச்சு. காயம் மட்டும் தெரியக் கூடாதுன்னு அவசர அவசரமா பூசினேன். பின்னால வந்து நின்னு பாத்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு. அதுதான் மேடம் கொடுமை, எனக்கு சரியாத்தான் தெரிஞ்சுச்சு. டப்பா வேலையில அந்த மூலையப் பூனை இல்லாமயே பாத்துப் பாத்துக் கண்ணு பழகிப்போச்சு. கை தன்பாட்டுக்குத் தரைய வரைஞ்சிருக்கு. பஸ்ல டிக்கெட்டுக்காகப் பையில கை விட்டேன். விரல்ல என்னமோ ஒட்டுச்சு. எடுத்துப் பாத்தா பூனை."

எனக்கு ஒரு நல்ல ஜோக் வந்தது. சொல்லவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

"வாட்ச்மேனப் பிடிச்சது தெரியும்தானே?" என்று அண்ணி கேட்டார். குரல் முதல் முறையாகக் கடினமாயிற்று. "ஏன் வாயத் தெறக்கல?"

"தினமும் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போறேன் மேடம். எதிர்க்கடையில டீ குடிப்பேன். திரும்பிடுவேன். அந்தக் கடைக்காரன் என்ன மஃப்டி போலீஸ்னு நெனச்சு காசு வாங்க மாட்டேங்கறான். அது வேற."

அண்ணி நிர்வாகியைத் தொலைபேசியில் அழைத்தார். இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார்.

"உங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சுதானே சார்?" என்றார் அண்ணி. "திருட்டுன்னா திருடனத் தேடுவாங்க. சேதம்னா, லீவு நாள்ல உள்ள விடச் சொன்னது யாருன்னு தேடுவாங்க."

"அந்தப் பேனா செட்டத் திருப்பிக் கொடுத்துடறேன்" என்றது தொலைபேசி.

"கொடுங்க. அதுக்கு முன்னாடி அதுல ஒரு பேனாவ எடுத்து, புகார வாபஸ் வாங்கறதா எழுதிக் கொண்டு வாங்க. சாயங்காலத்துக்குள்ள."

வந்தார். எழுதியும் கொடுத்தார். காவல் நிலையத்தில் அடுத்து நடந்ததை விசாரணை என்று சொல்ல முடியாது, ஏலம் என்று சொல்லலாம். லேபிள், முழுத் தப்பும் தன்னுடையது என்றார். காவலாளி, தான் படியில் உட்காராமல் இருந்திருந்தால் ஸ்டிக்கரே ஒட்டியிருக்காது என்றார். நிர்வாகி, தான் அனுமதிக்காமல் இருந்திருந்தால் படியே தேவைப்பட்டிருக்காது என்றார். அவர் மட்டும் மெதுவான குரலில் சொன்னார்.

"யோவ்!" இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டினார். "வருஷம் முழுக்க ஒருத்தனும் ஒத்துக்க மாட்டான். இன்னைக்குப் பாரு, வரிசையில வர்றாங்க. யாராவது ஒருத்தர் மட்டும் பேசுங்கய்யா, எழுத வேணாமா?"

கடைசியில் எழுதினார். படத்துக்குச் சேதம், லேபிள் நாளைக் காலை வந்து வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பழைய ஓவியங்களைச் செப்பனிடும் நிபுணர் ஒருவர் வெளியூரிலிருந்து வருவார். பூனை தன் இடத்துக்குத் திரும்புமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அதுவரை டப்பா இன்ஸ்பெக்டரின் இரும்பு அலமாரியில். காவலாளி வெளியே வந்தார்.

வாசலில் லேபிள் அவர் எதிரில் போய் நின்றார். "ரெண்டு அறை அறைஞ்சிடுங்க. எனக்காகவாவது."

காவலாளி சங்கடமாகத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "விடுங்க சார். நீங்க மட்டும் வேணும்னா செஞ்சீங்க?"

"பாத்தீங்களா?" என்றாள் தங்கை, பஸ் சாவியைச் சுழற்றியபடி. "இவன்கிட்ட மன்னிப்புக் கேக்கறது ஒரு வேலையா? மிதிச்சாலும், கால் வலிக்குதான்னு கேப்பான். வண்டியில ஏறுங்க சார். எங்கம்மாகிட்ட வந்து சொல்லுங்க. இவன் எங்க இருந்தான், ஏன் இருந்தான், நான் என்ன பொய் சொன்னேன், எல்லாத்தையும் நீங்களே உங்க வாயால சொல்லணும்."

லேபிள் உதவி கேட்டு அண்ணியைப் பார்த்தார். அண்ணியின் முகத்தில் உதவி எதுவும் இல்லை. "இன்ஸ்பெக்டர்கிட்டயே சொல்லியாச்சு. இது என்ன பெரிசு? போங்க."

எங்களை வழியில் இறக்கிவிடுவதாகச் சொன்னதால் நாங்களும் ஏறினோம். சின்னப் பிள்ளைகள் உட்காரும் இருக்கைகள். லேபிள் முழங்கால் மோவாயில் இடிக்க, ஜன்னலோரம் மடங்கி உட்கார்ந்தார். காவலாளி பழக்கதோஷத்தில் நின்றுகொண்டே இருந்தார். பக்கத்தில் காலி இருக்கை இருந்தது. நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

"உங்கம்மா..." என்று இழுத்தார் லேபிள். "ரொம்பக் கோவக்காரங்களாம்மா?"

"சேச்சே." அவள் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். "எங்கம்மாவுக்குக் கோவமே வராது சார். நீங்க எல்லாத்தையும் சொல்லி முடிச்சதும், சாப்பிட்டியாப்பான்னுதான் கேப்பாங்க."

லேபிள் எழுந்து இறங்கப் பார்த்தார். அதற்குள் அவள் கதவை மூடிவிட்டாள்.